கிருத்திகைப் பாத்திரமும் பழுப்பு முக்கோணமும்

போன வாரம், கேன்டீன் நடத்துகிற உங்களில் ஒரு பெண் எனக்கு போன் செய்தாள். கேன்டீன் பொறுப்புக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். "மேடம், டின் பீன்ஸ் எது வாங்கலாம்? மீல்மேக்கருக்குப் பதிலா புதுசு புதுசா வருதே, அதையெல்லாம் தினமும் போடலாமா?" என்று கேட்டாள். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் ரிட்டையர் ஆனபின் என்னிடம் யோசனை கேட்பவர்கள் அருகிப்போய்விட்டார்கள். மாட்டியவளை விட மனம் வரவில்லை, முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் அவள், "இதை எழுதியே குடுத்துடுங்களேன் மேடம், எல்லாருக்கும் உதவும்" என்றாள். வாயை மூடு என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில், வண்டி உதிரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் மேனேஜராக இருந்தவள் நான். பகல் ஷிஃப்டில் மட்டும் நானூறு பேர் சாப்பிடுவார்கள். சமைப்பது மாஸ்டர். என்ன வாங்குவது, எங்கே வாங்குவது, வந்ததை உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்பது என் வேலை. குழம்பு நன்றாக இருந்தால் மாஸ்டருக்குப் பேர். வாயில் வைக்க முடியாவிட்டால் எனக்கு.

முதலில் டின் பீன்ஸைப் பேசி முடித்துவிடுகிறேன். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து எச்.ஆர். மேனேஜராக ஒரு தம்பி வந்திருந்தார். நல்ல பிள்ளை, இஸ்திரி கலையாத சட்டை, எதைச் சொன்னாலும் கம்ப்யூட்டரில் படம் போட்டுத்தான் சொல்வார். தொழிலாளர்களுக்குப் புரதம் போதவில்லை என்று ஒரு படம் போட்டார். அதற்கு அடுத்த படத்தில் தக்காளிச் சாற்றில் மிதக்கிற வெள்ளைப் பீன்ஸ் டப்பா இருந்தது. ஊறவைக்க வேண்டாம், வேகவைக்க வேண்டாம், திறந்தால் சாப்பாடு என்றார். டப்பா பார்க்க அழகாக இருந்தது. இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நான் அதைத் தேர்வு செய்ததற்கு வேறு காரணமே கிடையாது.

மாஸ்டர் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். "மேடம், இனிக்குதுங்க" என்றார். "அப்படித்தான் இருக்குமாம்" என்றேன், என்னவோ நான் பிறந்ததிலிருந்து அதைத்தான் சாப்பிட்டு வளர்ந்தவள் மாதிரி. அன்று மதியம் சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அதைப் போட்டோம். பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிற ஒரு பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தாள். "இன்னாங்க மேடம், மொச்சைக்கு ஜாம்ல தலை குளிப்பாட்டி வெச்சிகிறீங்க?" என்றாள். அன்று மிஞ்சியது மூன்று அண்டா. அதை ஏற்றிப்போன பன்றிப் பண்ணைக்காரர் மறுநாள் வந்து, "நேத்து இன்னாங்க போட்டீங்க? பன்னிங்க மோந்து பாத்துட்டுப் போயிடுச்சிங்க" என்று வருத்தப்பட்டார். எச்.ஆர். தம்பியின் அடுத்த படத்தில் இந்தத் தகவல் இடம்பெறவில்லை.

ஆகவே டின் பீன்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வெறும் உப்புத் தண்ணீரில் போட்டதை வாங்குங்கள். வடிகட்டி, இரண்டு தண்ணீர் அலசி, அப்புறம் தாளியுங்கள். மூடி உப்பியிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள், விளிம்பு நசுங்கியிருந்தாலும் அப்படியே. சப்ளையர் அழுதாலும் விடாதீர்கள். ஊறவைக்க மறந்த நாளைக்கு டப்பா உதவும். ஊறவைக்க ஞாபகம் இருக்கிற நாளைக்கு நம்ம ஊர் காராமணி என்ன பாவம் செய்தது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். மீல்மேக்கரும் அப்படித்தான். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஈரமில்லாமல் இரண்டு முறை பிழிந்துவிட்டு, காரமாகச் செய்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதற்கு மட்டன் என்று பேர் வைத்தால்தான் வம்பு.

அந்தப் பெண்ணிடம் போனில் இவ்வளவும் சொன்னேன். சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆடிக் கிருத்திகை வந்தால் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கேன்டீனில் கிருத்திகைக்கு முந்தின மூன்று நாள் கவுச்சியே கிடையாது, முட்டைகூட உள்ளே வராது. மாலை போட்டவர்களுக்குத் தனி வரிசை, தனி மேஜை. அவர்களுக்கென்று ஒரு செட் பாத்திரம் பரண்மேல் பூட்டி வைத்திருப்போம். அதைக் கிருத்திகைப் பாத்திரம் என்றே சொல்வோம். அதை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, வெயிலில் கவிழ்ப்பது ஒரு நாள் வேலை. கரண்டி, அடுப்பு, கைப்பிடித் துணிகூட வேறு. அந்த வேலையை நானே நின்று பார்ப்பேன். ஒரு வருஷம் தப்பான கரண்டியை எடுத்துவிட்டாள் என்று பாத்திரம் தேய்க்கிற ஒரு பெண்ணை அழ வைத்திருக்கிறேன். அவ்வளவு சுத்தம் நான்.

நான் சொல்ல வந்த வருஷம் எச்.ஆர். தம்பிக்கு மூன்று நாள் புரதம் போய்விடுமே என்று கவலை வந்தது. செடியில் செய்த மட்டன் என்று ஒரு சாம்பிள் பாக்கெட் கொண்டு வந்தார். நான் விவரமானவளாக்கும், பின்பக்கம் முழுவதும் படித்தேன். சோயா, கோதுமை, பட்டாணி. சைவம் என்பதற்கான பச்சை வட்டம் இருந்தது. மாஸ்டர் கொஞ்சம் வதக்கிக் கொடுத்தார், ருசியும் சரிதான். ஆர்டர் போட்டோம்.

சரக்கு வந்தபோது பெட்டியில் அதே படம், அதே பேர், பேருக்குப் பின்னால் மட்டும் 'பிளஸ்' என்று ஒரு வார்த்தை. இறைச்சி இல்லாதது என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு இலையும் வரைந்திருந்தார்கள். நான் பெட்டியை எண்ணினேன். பனி உருகியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். ஒரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்கவில்லை. அதே நேரத்தில் பின்கட்டில் கிருத்திகைப் பாத்திரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், என் புத்தி முழுக்க அங்கே இருந்தது. பாத்திரத்தில் பழைய கவுச்சி வாசனை ஒட்டியிருந்துவிடக் கூடாதே என்று அவ்வளவு பதற்றம்.

இனி முனிரத்தினத்தைச் சொல்ல வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக் குடும்பம், அப்பா இன்னும் பவர்லூம் ஓட்டுகிறார். இவருக்கு ஒரு பெண் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்து, கையளவு இருந்தது, ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பிழைத்தால் மூன்று வருஷம் தொடர்ந்து காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிழைத்தது. இரண்டு வருஷம் எடுத்து முடித்திருந்தார், இது மூன்றாவது. நடுவில் விரதம் கெட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். இதையெல்லாம் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் சொல்லப்போவது கிருத்திகைக்கு முந்தின நாள் நடந்தது. மறுநாள் காலையில் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மலையேறுவதாக இருந்தார்.

அன்று முதல் பந்தியில் உட்கார்ந்தவர், தட்டில் விழுந்த குருமாவைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"மேடம், இது பாக்க மட்டன் மாதிரியே கீதுங்களே. துண்டுல நார் கூட தெரியுது. மாலையோட துன்னலாங்களா?"

"ஏன் முனிரத்தினம், நான் கற்பூரம் ஏத்தி அடிச்சி சத்தியம் பண்ணணுமா? ஆடும் இல்ல, கோழியும் இல்ல, எல்லாம் செடி. பாத்திரம்கூட உங்களுக்குன்னு தனியா கழுவி வெச்சது. நான் கேரன்டி, சாப்பிடுங்க."

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அவரைக் கிண்டல் செய்தது எனக்கே பிடித்திருந்தது. அவரும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

அப்போதுதான் மாஸ்டர் சமையற்கட்டிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். மாஸ்டருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கிழித்துப் போட்ட கவர்களைக் குப்பைக் கூடையில் அமுக்கிக்கொண்டிருந்தவர், ஒன்றை மட்டும் எடுத்துத் தனியாக வைத்திருந்தார்.

"மேடம், அன்னிக்கி கொண்டாந்த பாக்கெட்ல பச்சை ரவுண்டு இருந்துச்சி. இதுல பழுப்பு கலர்ல முக்கோணமா கீதே, இன்னாங்க அது?"

அது அசைவத்துக்குப் போடுகிற குறி. வாங்கிப் படித்தேன். சோயா, கோதுமை, பட்டாணி. நாலாவதாக முட்டை வெள்ளைக்கரு தூள். 'பிளஸ்' என்றால் அதுதான். இறைச்சி இல்லை என்று பெட்டியில் போட்டது பொய்யில்லை. முட்டை இறைச்சி இல்லையே. எங்கோ ஏசி அறையில் ஒரு புத்திசாலி அதை யோசித்து எழுதியிருக்கிறான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

எச்.ஆர். தம்பிக்கு போன் போட்டேன். அவர், "மேடம், தூள்தானே, ரொம்ப கொஞ்சமா இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது? சீன் ஆக்காதீங்க. இனிமே இருக்கிற பந்திக்கு மட்டும் மாத்திடுங்க" என்றார்.

இப்போது நீங்களெல்லாம் அந்தத் தம்பியைத் திட்டுவீர்கள் என்று தெரியும். நான் அப்போது திட்டவில்லை. மனசுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன், அதுதான் நிஜம். அடுத்த பந்திக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. மறைத்துவிட்டால் முனிரத்தினம் நாளைக்குச் சந்தோஷமாக மலையேறுவார், அவர் வேண்டுதல் அவர் மனதில் முடிந்துவிடும், எனக்கு மெமோ வராது. அவர் நல்லதுக்காகத்தான் மறைக்கிறேன் என்றுகூட ஒரு நியாயம் தயாராகிவிட்டது. பயந்தவளுக்கு நியாயம் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது பாருங்கள்.

மாஸ்டர் அதற்குள் அண்டாவை மூடி, அடுப்பை அணைத்திருந்தார். "அடுத்த பந்திக்கு தயிர் சாதம், உருளைக்கெழங்கு வறுவல் போட்டுடறேன். பதினஞ்சு நிமிஷம் போதும். நீங்க அதுக்குள்ள போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வந்துடுங்க" என்றார்.

சொல்லப் போகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. சொல்லத்தான் போகிறேன் என்று வைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கை எடுக்கப் போய்விட்டார். அந்த மனிதர் என்னை அவ்வளவு நல்லவள் என்று நினைத்தது எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷ வேலையில் எனக்கு யாராவது ஏதாவது கற்றுக்கொடுத்தார்கள் என்றால் அது இதுதான். அவருக்குத் தான் கற்றுக்கொடுத்ததே தெரியாது.

மாலைக்காரர்கள் மேஜையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். "இந்தக் குருமாவுல முட்டைத் தூள் இருக்கு. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. பாக்கெட்டைப் பாக்காம வாங்கினது என் தப்பு, மாஸ்டருக்கு இதுல ஒண்ணும் சம்பந்தமில்ல" என்றேன். ஒருவர் எழுந்து கைகழுவுமிடத்துக்கு ஓடினார், விரலை விட்டு வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. ஒருவர் என்னைக் கெட்ட வார்த்தை சொன்னார், வாங்கிக்கொண்டேன். இன்னொருவர், தூள்தானே, தெரியாமல்தானே, சாமி மன்னிக்கும் என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டார். அவரவர் சாமி அவரவருக்கு.

முனிரத்தினம் கத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கள கேட்டுட்டுத்தானங்க மேடம் சாப்ட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். எழுந்துபோய்க் கை கழுவினார். வெளியே நின்று போனில் மனைவியிடம் பேசினார். "நைனாகிட்ட நீயே சொல்லிடு. நாளைக்கி நாம மலைக்கிப் போகல. பாப்பாவுக்கு டிரஸ்லாம் எடுத்து வெச்சிருந்தா உள்ள வெச்சிடு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத தூரத்துக்கு நான் நகர்ந்திருக்கலாம், நகரவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சிரிப்புதான். எனக்கு மெமோ வந்தது, கவனக்குறைவு என்று. எழுதியவர் அதே எச்.ஆர். தம்பி, நல்ல இங்கிலீஷ். விற்ற கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். முட்டை இறைச்சி வகையில் சேராது, தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி என்று பதில் போட்டு, கூடவே பத்து பாக்கெட் இலவசமாக அனுப்பியிருந்தார்கள். வேறு ரகம், பச்சை வட்டம் போட்டது. திருப்பி அனுப்பினேன்.

முனிரத்தினம் அன்றைக்கப்புறம் கேன்டீனில் சாப்பிடவில்லை. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வந்து, ஃபோர்க்லிஃப்ட் நிறுத்துகிற ஷெட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் போய் நின்றேன். நான் நினைத்துப் போனது என்ன தெரியுமா? உண்மையைச் சொன்னேனே, அதற்காவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லல மேடம். சொல்லாம இருந்திருந்தா நான்பாட்டுக்கு மலை ஏறி எறங்கியிருப்பேன், அதுவும் நெசம். ஆனா இனிமே உங்க வாய் வார்த்தைய நம்பி ஒரு கவளம் கூட எனக்கு எறங்காதுங்க. கோச்சிக்காதீங்க."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? உண்மையைச் சொன்னதற்குக் கூலியாக மன்னிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்தால், நீங்கள் சொன்னது உண்மையே இல்லை, வியாபாரம். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஷெட்டிலிருந்து திரும்பி நடக்கும்போது புரிந்துகொண்டது.

அடுத்த வருஷம் ஆடி வந்தது. நான் திருந்தியிருந்தேன். வருகிற பெட்டி ஒவ்வொன்றையும் பிரித்து, பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அதைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசவும் செய்தேன், உங்களில் சிலருக்கு அப்போதே வகுப்பு எடுத்திருக்கிறேன்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு, ஷிஃப்டு தொடங்கும் முன்னே, ஸ்டோர் ரூம் வாசலில் முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மாலை. மறுபடியும் முதல் வருஷம்.

"உள்ள வரலாங்களா மேடம்?"

"ஆங், வாங்க" என்றேன்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். பருப்பு, மசாலா, எண்ணெய், மீல்மேக்கர் என்று அலமாரி அலமாரியாக ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பினார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியாகச் சாயங்கால டிபனுக்கு வந்திருந்த நூடுல்ஸ் பெட்டிகளிடம் வந்தார். முந்தின நாள்தான் அவற்றைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். முதல் பெட்டியில் மேல் அடுக்கை எடுத்துப் பார்த்தார், வைத்தார். நான் அதோடு நிறுத்தியிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. பெட்டியைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினார். அடி அடுக்கிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பழுப்பு முக்கோணம். முட்டை நூடுல்ஸ். அனுப்பிய இடத்தில் எவனோ இரண்டு ரகத்தையும் ஒரே பெட்டியில் அடுக்கியிருக்கிறான்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை. "இன்னும் எத்தினி பெட்டி கீதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பதினொண்ணு."

"ஷிஃப்டுக்கு இன்னும் அரை மணி நேரம் கீது. கொட்டுங்க, பாத்துடலாம்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எல்லாப் பெட்டியையும் பார்த்தோம். இன்னும் நாலு பாக்கெட் கிடைத்தது. நாலையும் கண்டுபிடித்தவர் அவர்தான்.

அன்று மதியம் மாலைக்காரர்கள் வரிசையில் அவர் தட்டோடு நின்றார், ஒரு வருஷத்துக்கு அப்புறம். காராமணிக் குழம்பு. மாஸ்டர் ஊற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், இது சாப்பிடலாமா என்று கேட்பாரோ என்று என்னை அறியாமல் வாயில் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.